தட்டைப்பயறு விதை காய்க்குள் வளர்வதையும் சுவாசிப்பதையும் நாள்வாரியாக அளப்பது எப்படி

காய்க்குள் இருக்கும் விதைக்குத் தாய்ச்செடியிலிருந்து சூல்காம்பு (விதையைக் காயோடு இணைக்கும் சிறு காம்பு) வழியாகச் சர்க்கரை வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கு மாவுச்சத்தாகவும் புரதமாகவும் விதையில் தங்குகிறது. இன்னொரு பங்கு சுவாசத்தில் எரிந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. தங்கியதைத் தராசு காட்டிவிடும். எரிந்ததைத் தராசு காட்டாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். இரண்டையும் பூ மலர்ந்த நாளிலிருந்து நெற்றாகும் வரை அளந்து வந்தால், விதை எந்த நாளில் முழுமை பெறுகிறது, அதற்கு முன் செடிக்கு என்ன தேவை, அதன் பிறகு எதை உடனே செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். விதை உற்பத்தி செய்பவர்களுக்கும், தாவரவியல், வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குச் செய்முறை நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

இந்த வேலைக்குத் தட்டைப்பயறு (காராமணி, இலங்கையில் கௌபி) மிகவும் தோதானது. பூ பெரியது, விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். எனவே எந்தப் பூ எந்த நாள் மலர்ந்தது என்பதில் குழப்பம் வராது. தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் கையால் மகரந்தம் சேர்க்கத் தேவையில்லை. விதை பெரியது. பூவிலிருந்து நெற்று வரை ஏறக்குறைய மூன்று வாரம்தான்.

முதலில், காய்க்குள் நடப்பது என்ன

பூக்கும் தாவரங்களில் ஓர் ஆண் செல் முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று நடுச்செல்லோடு சேர்ந்து கருவூண் (கருவுக்கு உணவாகும் திசு) ஆகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்தார். நெல்லிலும் சோளத்திலும் கருவூண்தான் கடைசி வரை சேமிப்புக் கிடங்கு. தட்டைப்பயறில் அப்படியில்லை. வளரும் கரு கருவூணைச் சீக்கிரமே உண்டு தீர்த்துவிட, சேமிப்பு முழுவதும் இரண்டு வித்திலைகளுக்குப் போகிறது. நாம் பருப்பாக உடைத்துத் தின்பது அந்த வித்திலைகளைத்தான்.

இந்த மூன்று வாரத்தை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். முதல் வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. இந்த நாட்களில் காய் நீளமாகிவிடும், விதை மட்டும் பொடிசாகவே இருக்கும். காயின் நீளத்தைப் பார்த்து விதை பிடித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது கட்டத்தில் செல்கள் விரிந்து மாவும் புரதமும் நிரம்புகின்றன; உலர் எடை நாளுக்கு நாள் ஒரே சீராக ஏறும். மூன்றாவது கட்டத்தில் சூல்காம்பின் தொடர்பு அறுந்து, எடை ஏறுவது நின்று, விதை நீரை இழக்கிறது.

சுவாசத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. நிரம்பும் கட்டத்தில் அது உற்பத்திச் செலவு. சர்க்கரையை மாவாகக் கோக்கவும், அமினோ அமிலங்களைப் புரதமாக இணைக்கவும், சவ்வுகளின் வழியே பொருட்களை உள்ளே இழுக்கவும் ஆற்றல் வேண்டும். அதைத் தருவது சுவாசம்தான். 1970களில் நெதர்லாந்து ஆய்வாளர் பென்னிங் டி ஃப்ரீஸ் குழுவினர் போட்ட கணக்கின்படி ஒரு கிராம் மாவுச்சத்து உருவாகச் சுமார் 1.2 கிராம் குளுக்கோஸ் தேவை. ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 2.5 கிராம், ஒரு கிராம் எண்ணெய்க்குச் சுமார் 3 கிராம். தட்டைப்பயறில் மாவுச்சத்து 60 சதவீதம், புரதம் 24 சதவீதம், கொழுப்பு 2 சதவீதம் என்று வைத்துப் பெருக்கினால், ஒரு கிராம் விதைக்கு ஏறக்குறைய 1.4 கிராம் குளுக்கோஸ் ஆகிறது. பாதி எடை எண்ணெயாகவும் கால்பங்கு புரதமாகவும் இருக்கும் நிலக்கடலைப் பருப்புக்கு இதே கணக்கு 2.3 கிராமுக்குப் போகிறது. ஒரே அளவு இலை, ஒரே வெயில், ஒரே நீர் என்றாலும் நிலக்கடலையின் மகசூல் எடை நெல்லைப் போல் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். செடி குறைவாக உழைக்கவில்லை. விலை உயர்ந்த சரக்கைத் தயாரிக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். விதை வெளிக்காற்றைச் சுவாசிக்கவில்லை, காய்க்குள் அடைபட்ட காற்றைத்தான் சுவாசிக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம், காய்க்குள் அதைப் போலப் பல மடங்கு. பச்சைக் காயின் உள்தோல் அந்த வாயுவைப் பகலில் மீண்டும் பிடித்துச் சர்க்கரையாக்குகிறது. விதையின் உட்பகுதியில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. காய்த்தோலைத் தாண்டி வரும் மங்கலான வெளிச்சத்தில் பச்சை வித்திலைகளே ஒளிச்சேர்க்கை செய்து தங்களுக்குத் தேவையான ஆக்ஸிஜனில் ஒரு பகுதியைத் தயாரித்துக்கொள்கின்றன. ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் ஆய்வு நிறுவனத்தில் பட்டாணி, அவரை இன விதைகளுக்குள் நுண்ணிய உணர்முனைகளைச் செலுத்தி இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். வளரும் பயறு பச்சையாக இருப்பது சும்மா இல்லை.

பூவுக்கு நூல் கட்டுதல்

ஒரு சென்ட் நிலம் போதும். 45 × 15 செ.மீ. இடைவெளியில் சுமார் 600 செடிகள் வரும். எல்லாம் ஒரே ரகமாக, ஒரே நாளில் விதைத்ததாக இருக்க வேண்டும். பூ உச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஒரு நாள் காலை 6.30 முதல் 9 மணிக்குள், அன்று விரிந்த பூக்களின் காம்பில் நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் காம்பு பருக்கும்போது நூல் சாற்றோட்டத்தை நெரித்து, அந்தக் காய்களின் எடை குறைந்துவிடும். எடை குறைந்த காரணம் தெரியாமல் பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

குறைந்தது 1000 பூக்களுக்குக் கட்ட வேண்டும். தட்டைப்பயறில் பூக்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பூங்கொத்தில் பொதுவாக இரண்டு காய்கள் நிற்கும், எப்போதாவது நான்கு. ஒரே நாளில் 1000 பூ கிடைக்காவிட்டால் அடுத்த நாள் வேறு நிற நூலால் தொடருங்கள். நிறமும் தேதியும் நோட்டில் இருக்கட்டும். ஒரே நிறத்தில் இரண்டு நாள் பூவைக் கலந்துவிட்டால், வளர்ச்சி வேகமாக இருக்கும் நாட்களில் வரும் வேறுபாடு காயின் வயதாலா, செடியின் குணத்தாலா என்று பிரிக்கவே முடியாது.

மலர்ந்த 6ஆம் நாளில் தொடங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள், 24ஆம் நாள் வரை காய் பறியுங்கள். ஒவ்வொரு முறையும் 20 முதல் 25 காய். பறிக்கும் நேரம் எப்போதும் காலை 7 முதல் 8 மணி. பகலில் பறித்தால் விதையில் சர்க்கரை நிலையும் காயின் நீர் நிலையும் மாறியிருக்கும், நாட்களை ஒப்பிட முடியாது. பறித்ததைக் காம்போடு ஈரத்துணியில் சுற்றி நிழலில் கொண்டு வாருங்கள். பனிக்கட்டிப் பெட்டி வேண்டாம். குளிரில் இருந்து எடுத்த விதை பழைய வெப்பநிலைக்கு வருவதற்குள் சுவாச அளவீடு பொய்யாகும்.

எடையும் ஈரமும்

பத்துக் காய்களை உரித்து, இரு முனைகளிலும் உள்ள இரண்டிரண்டு விதைகளைத் தள்ளிவிட்டு நடு விதைகளை மட்டும் எடுங்கள். முனை விதைகளில் சூம்பியவை அதிகம். காயை உரிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஈர எடை எடுத்துவிட வேண்டும். மெல்லிய உறையுள்ள இளம் விதை மின்விசிறியின் கீழ் கண்முன்னே எடை குறையும். 0.001 கிராம் வரை காட்டும் தராசு தேவை. 50 விதைகளை எண்ணி எடை போட்டு, ஒரு விதைக்கான எடையைக் கணக்கிடுங்கள். மூன்று தனித்தனி மாதிரிகள் எடுக்க வேண்டும்.

பிறகு அடுப்பில் உலர்த்தல். இளம் விதைகளை நேராக 103 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே நீர் கொதித்து விதை வெடித்துச் சிதறும். இரண்டாக நறுக்கி, முதலில் 70 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அதன் பின் 103 டிகிரியில் 17 மணி நேரம் வையுங்கள். மூடிய அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, எடுத்ததும் சிலிக்கா ஜெல் உள்ள உலர்கலனில் ஆறவிட்ட பிறகே எடை போட வேண்டும். சூடாக எடை போட்டால் தராசு குறைவாகக் காட்டும். திறந்த இடத்தில் ஆறவிட்டால் ஈரம் ஏறி அதிகமாகக் காட்டும்.

ஈரப்பதம் = (ஈர எடை − உலர் எடை) ÷ ஈர எடை × 100.

சுவாசத்தை அளத்தல்

விலை உயர்ந்த வாயுப் பகுப்பாய்வுக் கருவி இல்லாமலே, கல்லூரி வேதியியல் கூடத்தில் உள்ள பொருட்களை வைத்துச் செய்யக்கூடிய முறை இது. விதை விடும் கரியமில வாயுவைக் காரக் கரைசல் பிடித்துக்கொள்ளும். மீதியிருக்கும் காரத்தை அமிலத்தால் தரம்பார்த்து, எவ்வளவு பிடித்தது என்று கண்டுபிடிக்கலாம்.

தயாரிக்க வேண்டியவை: ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த 0.1 நார்மல் கரைசல். நீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள கரியமில வாயு கரைசலைப் பாழாக்கும். 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடர் அமிலம் சுமார் 8.5 மி.லி.யை ஒரு லிட்டருக்கு நீர்க்கச் செய்தால் இந்த அளவுக்கு அருகில் வரும், ஆனால் சோடியம் கார்பனேட்டைக் கொண்டு சரிபார்த்துத் துல்லியமான நார்மாலிட்டியை எழுதி வைக்க வேண்டும். 100 மி.லி. நீரில் 12.2 கிராம் பேரியம் குளோரைடு படிகம் கரைத்த கரைசல். பீனால்ப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). பேரியம் உப்பு விஷம். கையுறை போடுங்கள், பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது, மீதியைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

கலன் என்பது 250 மி.லி. அகல வாய்க் கண்ணாடி ஜாடி, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு. மூடியின் விளிம்பில் வாசலின் தடவினால் காற்று கசியாது. ஜாடிக்குள் ஒரு சிறு பீக்கரில் 10 மி.லி. காரக் கரைசலை அளந்து விடுங்கள். மடித்த வடிதாள் துண்டு ஒன்றை அதில் பாதி நனையும்படி நிறுத்துங்கள். இந்தத் தாளை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அசையாத காரத்தின் மேற்பரப்பு சிறியது. தாள் இல்லையென்றால் விதை விட்ட வாயுவில் ஒரு பகுதி ஜாடியின் காற்றிலேயே நின்றுவிடும், அளவு குறைந்து வரும்.

இனி வரிசை இதுதான்.

1. விதைகளைக் காயமில்லாமல் உரித்து எடை போட்டு, மல்துணியில் தளர்வாக முடிந்து மூடியிலிருந்து தொங்கவிடுங்கள். 12ஆம் நாளுக்கு மேற்பட்ட விதை என்றால் 5 கிராம். அதற்கு இளையது என்றால் 2 கிராம் போதும்.
2. ஜாடியைக் கறுப்புத் துணியால் அல்லது அலுமினியத் தாளால் முழுக்க மூடுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சை விதை தான் விட்ட வாயுவைத் தானே எடுத்துக்கொள்ளும்.
3. 25 டிகிரி நீர் நிரப்பிய தொட்டியில் ஜாடிகளைக் கழுத்தளவு வையுங்கள். வெப்பமானி நீரிலேயே இருக்கட்டும்.
4. கூடவே விதை இல்லாத வெற்று ஜாடி இரண்டு. இவற்றிலும் அதே காரம், அதே தாள், அதே நேரம்.
5. சரியாக 2 மணி நேரம் கழித்து பீக்கரை வெளியே எடுத்து உடனே 2 மி.லி. பேரியம் குளோரைடு விடுங்கள். பிடிபட்ட வாயு வெள்ளை வீழ்படிவாக இறங்கும். தாளைக் கொதித்து ஆறிய நீரால் அந்தப் பீக்கருக்குள்ளேயே கழுவுங்கள்.
6. இரண்டு சொட்டு பீனால்ப்தலீன் விட்டு, குலுக்கிக்கொண்டே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு மறைந்து பால் வெள்ளையாகும் சொட்டோடு நிறுத்துங்கள்.

கடைசிப் படியில் அவசரம் கூடாது. நிறம் மறைந்த பிறகும் அமிலம் போனால் பேரியம் கார்பனேட் கரையத் தொடங்கும், பியூரெட் அளவு கூடும், சுவாசம் குறைந்ததாகத் தோன்றும்.

கணக்கு: வெற்று ஜாடிக்குச் செலவான அமிலத்திலிருந்து விதை ஜாடிக்குச் செலவானதைக் கழியுங்கள். 0.1 நார்மல் அமிலத்தில் ஒவ்வொரு மி.லி. வித்தியாசமும் 2.2 மி.கி. கரியமில வாயு. அதை விதையின் எடையாலும் மணி நேரத்தாலும் வகுக்க வேண்டும்.

கணக்கு காட்டுவதற்காக ஒரு மாதிரி. வெற்று ஜாடி 9.8 மி.லி., விதை ஜாடி 6.6 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.2; அதாவது 7.04 மி.கி. வாயு. 5 கிராம் விதை, 2 மணி நேரம். ஒரு கிராம் ஈர எடைக்கு மணிக்கு 0.70 மி.கி. விதையின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் உலர் எடை 1.25 கிராம்தான், ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 2.8 மி.கி. ஒரு விதை 200 மி.கி. இருந்தால் ஜாடியில் இருந்தது 25 விதை. ஒரு விதை மணிக்கு 0.14 மி.கி. விடுகிறது. வாயுவின் எடையை 30/44ஆல் பெருக்கினால் எரிந்த குளுக்கோஸ் கிடைக்கும்: ஒரு விதைக்கு நாளொன்றுக்கு சுமார் 2.3 மி.கி. அதே நாட்களில் விதையின் உலர் எடை நாளுக்கு 10 மி.கி. ஏறியிருந்தால், வந்த சர்க்கரையில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு எரிந்தது என்பதை இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிடிபட்ட வாயு 11 மி.கி.க்கு மேல் போனால் காரத்தில் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த அளவை நம்ப வேண்டாம், விதையைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் 0.3 மி.லி.க்குக் கீழே இருந்தாலும் நம்ப முடியாது. 22ஆம் நாளுக்குப் பிறகு இது நிச்சயம் வரும். அப்போது 15 கிராம் விதையும் 4 மணி நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நேரத்தை நீட்டினால் விதை உறையில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் சுவாசிப்பது சேர்ந்துவிடும்.

எள், நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளில் இதே முறையைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சர்க்கரை எண்ணெயாக மாறும்போதே கரியமில வாயு வெளிவருகிறது. சுவாச ஈவு (வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் எடுக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள விகிதம்) 1ஐத் தாண்டும். அங்கே வாயுவின் அளவை அப்படியே ஆக்ஸிஜன் செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளவுகள் எதைச் சொல்கின்றன

ஒரே தாளில், நாளைக் கிடைக்கோட்டில் வைத்து நான்கு கோடுகள் வரையுங்கள்: ஒரு விதையின் உலர் எடை, ஈரப்பதம், ஒரு கிராம் உலர் எடைக்கான சுவாசம், ஒரு விதைக்கான சுவாசம். கடைசி இரண்டையும் தனித்தனியாக வரைவதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கிராமுக்கான சுவாசம் முதல் அளவிலேயே உச்சத்தில் இருக்கும், பிறகு தொடர்ந்து இறங்கும். இதை மட்டும் பார்ப்பவர்கள் விதை நாளுக்கு நாள் சோர்ந்து போகிறது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை அதுவல்ல. இளம் விதை முழுக்க உயிர்ச்செல் சாறு. நாளாக ஆக ஒவ்வொரு செல்லிலும் மாவுமணி அடைகிறது, அந்த மாவுமணி சுவாசிக்காது. வகுக்கும் எண் பெருத்துவிட்டதால் விடை சிறுத்துக் காட்டுகிறது. ஒரு விதைக்கான சுவாசத்தைப் பார்த்தால் வேறு கதை: நிரம்பும் கட்டத்தில் அது ஏறி, சில நாள் மேலேயே நின்று, உலர் எடை ஏறுவது நிற்கும் நாட்களில் சரிகிறது. உலர் எடைக் கோட்டின் செங்குத்தான பகுதியும் இந்த மேட்டுப் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ அளவு பிசகியிருக்கிறது, பெரும்பாலும் வெப்பநிலையில்.

உலர் எடைக் கோடு தட்டையாகும் முதல் நாள்தான் வினையியல் முதிர்ச்சி. தட்டைப்பயறு போன்ற பயறு இனங்களில் அன்று ஈரப்பதம் இன்னும் 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். தானியங்களில் இது குறைவு. விதை ஈரமாக, கனமாக, பார்க்க முற்றாததுபோல் இருக்கும் நிலையிலேயே அதற்குத் தாய்ச்செடியிடமிருந்து கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கோட்டைப் பார்த்தால் நம்புவார்கள்.

கண்ணால் அடையாளம் காண்பதையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள். 10ஆம் நாள் வாக்கில் ஒரு காயைத் தையல் வழியே பிளந்து பாருங்கள். விதை பளபளவென்று பச்சையாக, சூல்காம்பை இறுகப் பற்றியபடி இருக்கும். நகத்தால் அழுத்தினால் உறை கிழிந்து நீர் வரும், வித்திலை மெழுகு போல நசுங்கும். முதிர்ச்சி நாளில் காய் பச்சை மாறி மஞ்சள் ஓடியிருக்கும். உள்ளே விதையுறை அந்த ரகத்துக்குரிய நிறத்தைப் பெற்றிருக்கும். நகம் உறையில் தடம் பதிக்கும், ஆனால் நீர் வராது. விதையை விரலால் தள்ளினால் சூல்காம்பு தழும்போடு சுத்தமாகப் பிரியும். இந்த நான்கையும் உங்கள் வரைகோட்டில் அந்த நாளுக்கு நேரே குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் அடுப்பும் பியூரெட்டும் இல்லாமல் வயலிலேயே நாளைச் சொல்லலாம்.

முளைப்பையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 12ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் 50 விதையை உரித்த உடனேயும், இன்னொரு 50ஐக் காயோடு நிழலில் ஒரு வாரம் மெல்ல உலர்த்தியும், மூன்றாவது 50ஐ உரித்து வெயிலில் வேகமாக உலர்த்தியும் மணல் தட்டில் போடுங்கள். 5ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 8ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. முதிர்ச்சிக்கு முந்தைய விதைகள் பச்சையாகப் போட்டால் முளைப்பதும், காயோடு மெல்ல உலர்ந்தால் பிழைப்பதும், உரித்து வேகமாக உலர்த்தினால் சாவதும் தெரியவரும். உலர்வைத் தாங்கும் வலிமை விதைக்குக் கடைசியில்தான் வருகிறது. அதைத் தயார்செய்யவும் நாள் பிடிக்கும், ஆற்றலும் பிடிக்கும்.

வயலில் செய்ய வேண்டியது

முதிர்ச்சி வரை சுவாசம் தடையின்றி நடக்க வேண்டும், அதற்குச் சர்க்கரை வந்துகொண்டிருக்க வேண்டும். எனவே பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் பாசனத்தைத் தவறவிடக் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. வேர்முடிச்சுகளுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும், அவை மூச்சுத் திணறினால் விதைக்கு வரும் தழைச்சத்து நின்றுபோகும். பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 சதவீத டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளிப்பது பயறுகளுக்கான வழக்கமான பரிந்துரை. 10 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம். முந்தின நாள் இரவே ஊறவைத்துத் தெளிவை மட்டும் வடித்து மாலையில் அடிக்க வேண்டும். நிரம்பும் நாட்களில் இலையைக் கீரைக்கோ தீவனத்துக்கோ கிள்ளுவதை நிறுத்துங்கள்.

வெப்பநிலையை மாற்ற முடியாது, விதைப்பு நாளை மாற்றலாம். 10 டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிக்கும். பகலில் அதை ஈடுகட்ட ஒளிச்சேர்க்கை இருக்கிறது, இரவில் இல்லை. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் 1992 முதல் 2003 வரையிலான அளவுகளைப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். தட்டைப்பயறில் வெப்பமான இரவுகள் மகரந்தத்தையே கெடுத்துக் காய்ப் பிடிப்பைக் குறைக்கும். எனவே விதைக்காகப் போடும் பயிரின் பூவும் காயும் சித்திரை வெயிலில் சிக்காதபடி விதைப்பது நல்லது.

முதிர்ச்சிக்குப் பிறகு நிலைமை தலைகீழ். இனி வரும் சர்க்கரை இல்லை. சுவாசம் நடந்தால் அது விதையின் சொந்தச் சேமிப்பைத்தான் தின்னும். நெற்று செடியிலேயே மழையில் நனைந்தால் அடங்கிய சுவாசம் மறுபடி எழும்பும், விதை உப்பும், சுருங்கும், உறை வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டையிடும். தள்ளிப் போடும் ஒவ்வொரு நாளும் அதற்குச் சாதகம். காய் மஞ்சளாகி வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும் நேரத்தில் பறிக்கத் தொடங்குங்கள், இரண்டு மூன்று தவணையாகப் பறியுங்கள். முழு வயலும் காயட்டும் என்று காத்திருப்பதில் லாபம் கிடையாது.

பறித்த ஈரக் காயைச் சாக்கில் கட்டியோ குவித்தோ ஓர் இரவு வைப்பதுதான் விதையைக் கெடுப்பதில் முதலிடம். குவியலுக்குள் சுவாச வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் சுவாசத்தை ஏற்றும், சுவாசம் வெப்பத்தை ஏற்றும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். அந்தச் சூடு தெரியும் நேரத்தில் முளைப்புத்திறன் இறங்கத் தொடங்கிவிட்டது. தார்ப்பாயில் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, முதல் இரண்டு மூன்று நாள் நிழலில், காயோடு உலர்த்துங்கள். காய்க்குள்ளிருந்து ஈரம் மெல்ல இறங்கும். பாதி முற்றிய விதையும் தப்பிக்கும். காய் நொறுங்கும் பதம் வந்ததும் மூங்கில் குச்சியால் தட்டிப் பிரியுங்கள். ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கையில் தட்டினால் வித்திலை நசுங்கும்; மிகவும் காய்ந்த பிறகு பலமாக அடித்தால் முளைவேர் முனை உடையும்.

பிரித்த விதையைக் காலை 8 முதல் 12 வரையும், மாலை 3 முதல் 5 வரையும் வெயிலில் காய வையுங்கள். உச்சி வெயிலைத் தவிருங்கள். சாதாரணப் பைக்கு ஈரப்பதம் 9 சதவீதத்துக்கும், காற்றுப் புகாத பைக்கு 8 சதவீதத்துக்கும் மிகக் கூடாது என்பது சான்று விதைக்கான வரம்பு. முளைப்பு குறைந்தது 75 சதவீதம். ஈரமானி இல்லாதவர்கள் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு விதையும் ஒரு கைப்பிடி நன்கு வறுத்து ஆறவைத்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள், 9க்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. பல்லால் கடித்தால் நசுங்காமல் இரண்டாகத் தெறிக்கும் வரை இன்னும் காய விடுங்கள்.

ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த தோராய விதி. 5 முதல் 14 சதவீதத்துக்குள் இது பொருந்தும். சேமிப்பு அறையின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதே இரட்டிப்பு. விதை ஆறிய பிறகே பையில் நிரப்புங்கள். வெயில் சூட்டோடு கட்டினால் இரவில் பையின் உள்பக்கம் நீர் வியர்த்து, ஓரத்து விதைகள் மீண்டும் சுவாசிக்கத் தொடங்கும். 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் செயலூட்டிய கயோலின் களிமண்ணைக் கலந்து வைத்தால் பயறு வண்டு அண்டுவது குறையும். அப்படிக் கலந்ததை விதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு எடுக்க வேண்டாம். மாதம் ஒரு முறை பையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பாருங்கள். நசுங்கினால் அன்றே தார்ப்பாயில் கொட்டிக் காய வைத்துவிடுங்கள்.